பிஎச்பி கேள்விகள்: பதிலின் வயதைப் பாருங்கள்

பிஎச்பி கற்கத் தொடங்குபவர்கள் கேட்கும் கேள்விகள் பல ஆண்டுகளாக மாறவில்லை. ஆனால் பதில்கள் மாறிவிட்டன. பழைய பதிலை இன்றும் அப்படியே எடுத்துக் கொடுப்பதுதான் சிக்கல் என்பது என் கருத்து.

"பிஎச்பி ஃபைலை டபுள் கிளிக் செய்தால் புரோகிராம் வரிகள்தான் தெரிகின்றன. ஏன்?" இது முதல் கேள்வி. எங்கள் காஞ்சிபுரத்தில் தறி நெசவாளர் வீட்டில் இருக்கும். வாங்குபவர் கைக்குச் சேலை மட்டுமே வரும். பிஎச்பியும் அப்படித்தான். அது சர்வரில் இயங்குகிறது. பிரவுசருக்கு வருவது விளைவான எச்டிஎம்எல் மட்டுமே. வீட்டுக் கம்ப்யூட்டரில் பழக, சாம்ப் என்ற இலவசத் தொகுப்பை நிறுவி, எச்டிடாக்ஸ் ஃபோல்டரில் ஃபைலை வைத்து, லோக்கல்ஹோஸ்ட் முகவரி வழியாகத் திறங்கள். இந்தப் பதில் இன்னும் மாறவில்லை.

"புத்தகத்தில் உள்ளபடியே டைப் செய்தேன். மைஎஸ்க்யூஎல்_கனெக்ட் என்ற ஃபங்ஷனே இல்லை என்கிறதே?" இங்கே பதில் மாறிவிட்டது. 2013இல் வந்த பிஎச்பி 5.5, இதைக் கைவிட வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தது. 2015 டிசம்பரில் வந்த 7.0 பதிப்பில் அடியோடு நீக்கிவிட்டார்கள். "பழைய பதிப்பை நிறுவிக்கொள்" என்று சிலர் சொல்வார்கள். கேட்காதீர்கள். பழைய பதிப்புகளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதில்லை. மைஎஸ்க்யூஎல்ஐ அல்லது பிடிஓ முறையைக் கற்றுக்கொள்ளுங்கள்.

"தமிழில் எழுதினால் கேள்விக்குறிகளாக வருகிறது." இணையப் பக்கம், டேட்டாபேஸ் இணைப்பு, டேபிள் மூன்றும் யூனிகோடில் இருக்க வேண்டும். பக்கத்துக்கு யூடிஎஃப்-8, மைஎஸ்க்யூஎல்லில் யூடிஎஃப்8எம்பி4. இன்னொன்றும் கவனியுங்கள். 'காஞ்சி' என்ற சொல்லின் நீளத்தை எஸ்டிஆர்லென் 18 என்று சொல்லும். அது பைட்டுகளின் எண்ணிக்கை. எம்பி_எஸ்டிஆர்லென் 6 என்று சொல்லும். அது யூனிகோடு குறியீடுகளின் எண்ணிக்கை. நாம் எண்ணும் எழுத்துகளோ 3. இது தெரியாமல் நீளத்தைக் கட்டுப்படுத்தினால் வாடிக்கையாளரின் பெயரே பாதியில் வெட்டுப்படும்.

இப்போது யாரும் கேட்காத கேள்விக்கு வருவோம். "என் ஃபார்ம் வேலை செய்கிறது. அது பாதுகாப்பானதா?" சேலை விற்கும் ஒரு குடும்பத்துக்காக ஆர்டர் பக்கம் ஒன்றைச் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வாங்குபவரின் பெயர், முகவரி, போன் எண் எல்லாம் அதில் சேரும். ஃபார்மில் வந்ததை அப்படியே எஸ்க்யூஎல் வரியோடு ஒட்டியிருந்தால், பெயர்ப் பெட்டியில் எஸ்க்யூஎல் கட்டளையை டைப் செய்து, மொத்தப் பட்டியலையும் ஒருவர் உருவிவிடலாம். கட்டளையைத் தனியாகவும் தகவலைத் தனியாகவும் அனுப்புங்கள். பிடிஓவில் உள்ள பிரிப்பேர், எக்ஸிக்யூட் ஆகியவை இதற்காகத்தான். பாஸ்வேர்டுக்குப் பழைய எம்டி5 வேண்டாம். பாஸ்வேர்டு_ஹாஷ் ஃபங்ஷன் 2013 முதலே இருக்கிறது.

ஆரம்பக் கேள்வியைக் கேட்டுச் சிரிப்பவர்களும், காரணம் சொல்லாமல் பத்து வரி புரோகிராமை நீட்டுபவர்களும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். பதில் சொல்பவர்கள், அது எந்தப் பதிப்புக்கு உரியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். புத்தகமோ, நண்பரோ, இன்றைய ஏஐ சாட் கருவியோ, யார் கொடுத்த வரியானாலும், பிஎச்பி.நெட் தளத்தின் கையேட்டில் அந்த ஃபங்ஷனைத் தேடுங்கள். எந்தப் பதிப்புகளில் அது உண்டு என்று அங்கேயே எழுதியிருக்கும். பார்க்க ஒரு நிமிடம் போதும். உங்களை நம்பி முகவரி கொடுப்பவருக்காக அந்த ஒரு நிமிடத்தைச் செலவிடுங்கள்.