உணவுச் சத்துதானே என்று விழுங்காதீர்கள்

"உணவில் இருக்கும் சத்துதானே, மாத்திரையாகக் கூடுதலாகப் போட்டால் நல்லதுதான், மிஞ்சியது சிறுநீரில் போய்விடும்" என்கிறார்கள். வைட்டமின் சி-க்கு இது ஓரளவு பொருந்தும். வைட்டமின் ஏ-க்குப் பொருந்தாது.

ஒன்று: அது கொழுப்பில் கரைவது. மிஞ்சியது கல்லீரலில் தேங்கும்.

இரண்டு: அது எரிபொருள் அல்ல, கட்டளை. உடலில் ரெட்டினாயிக் அமிலமாக மாறி, செல்லின் உட்கருவில் உள்ள ஏற்பியோடு இணைகிறது. அந்த ஏற்பி டி.என்.ஏ.வின் மீதே அமர்ந்து மரபணுக்களை முடுக்குகிறது, அடக்குகிறது. கருவிலுள்ள குழந்தையின் முகமும் இதயமும் சரியாக உருவாக இந்தச் சமிக்ஞை அளவோடு இருக்க வேண்டும். கட்டளையை இரண்டு மடங்கு உரக்கச் சொன்னால் குழந்தை இரண்டு மடங்கு நலமாகவா பிறக்கும்? முகப்பரு மருந்தான ஐசோட்ரெட்டினாயினைக் கர்ப்பிணிகளுக்கு ஏன் தரக் கூடாது என்கிறார்கள்? அதுவும் இதே குடும்பத்து மூலக்கூறு.

மூன்று: பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்த ஆய்வு, 1994-இல் வெளியானது. உடலில் வைட்டமின் ஏ-யாக மாறும் பீட்டா கரோட்டினைத் தினமும் 20 மில்லிகிராம் மாத்திரையாக எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். எங்கே போனது அந்த "நல்லதுதான்"?

கேரட், முருங்கைக்கீரை தாராளமாகச் சாப்பிடுங்கள். அவற்றின் கரோட்டினைக் குடல் தேவைக்கேற்பவே வைட்டமினாக மாற்றும். மாத்திரையில் நேராக வரும் வைட்டமின் ஏ-யான ரெட்டினாலுக்கு அந்தக் காவல் கிடையாது.