உள்ளேன் ஐயா!

அளவெட்டியிலுள்ள என் தமக்கையார் வீட்டுப் படலைக்குப் பூட்டு என்று ஒன்று இருந்ததாக எனக்கு நினைவில்லை. ஒரு கொளுக்கி உண்டு. அதனைக் கழற்றத் தெரியாத பிள்ளை அயலில் இல்லை. ஆயினும், முன்வீட்டார் அறியாமல் அந்நியன் ஒருவன் அப்படலையைத் தாண்டிவிட முடியாது. அவ்வீட்டிலே வளர்ந்த அவர் மகன் இன்று ரொறன்ரோ மாநகரின் ஸ்காபறோப் பகுதியில், தொடர்மாடி ஒன்றில் வாழ்கின்றான். அதன் நிலக்கீழ்த் தரிப்பிடத்திலிருந்து அவனுடைய மோட்டார் வண்டி சென்ற மாரிகாலத்திலே களவு போயிற்று.

"மாமா, கதவும் உடையேல்லை, பூட்டும் உடையேல்லை, காரைத்தான் காணேல்லை" என்றான் தொலைபேசியில்.

வண்டி போனது பெரிதன்று. அதன்பின் வந்ததே பெரிது. அத்தொடர்மாடிக் கதவுகளுக்கு இரும்புத் திறப்பு இல்லை. 'பொப்' என்று அங்குள்ளோர் அழைக்கும் சிறு பிளாஸ்திக்குத் துண்டைச் சுவரிலுள்ள பெட்டியருகே காட்டினால் கதவு திறக்கும். எவருடைய துண்டு எந்நேரம் எக்கதவைத் திறந்தது என்பதைக் கணினி குறித்துக்கொள்ளும். களவு நிகழ்ந்த இரவு 3 மணிக்குத் தரிப்பிடத்தைத் திறந்தது மருமகனின் எண்ணே என்று அக்குறிப்புக் கூறிற்று! அவனோ அவ்வேளை உறக்கத்தில் இருந்தான். காப்புறுதிக்காரர் இருமுறை அழைத்து விசாரித்தனர். செய்தி ஊருக்கும் எட்டிவிட்டது. "என்ரை பிள்ளையைக் கள்ளன் எண்டு சொல்லிப்போட்டாங்களோ?" என்று தமக்கையார் கேட்டபோது, பௌதிகம் கற்பிக்கும் எனக்கு அதனை அவருக்கு விளங்கச் சொல்லும் கடமை வந்து சேர்ந்தது.

மாறும் காந்தப்புலம் கம்பிச்சுருளில் மின்னைத் தூண்டும் என்பதை 1831இல் பரடே கண்டார். சுவர்ப்பெட்டி எழுப்பும் புலம் விநாடிக்கு 125,000 முறை மாறுகின்றது. துண்டினுள்ளே மின்கலம் இல்லை. ஒரு சுருளும் ஒரு சில்லுமே உள. புலத்தினுள் வந்ததும் சில்லு விழித்துத் தன் எண்ணைச் சொல்லும். பழைய வகைத் துண்டுகள் செய்வது இவ்வளவுதான். கேட்பது யார் என்று அவை பார்ப்பதில்லை. ஒவ்வொரு முறையும் சொல்வது அதே எண்.

மாணவ நேயர்களுக்கு இது புதிதன்று. வகுப்பில் இடாப்புக் கூப்பிடும்போது, வராதவனுக்காகப் பின்வாங்கிலிருந்து ஒருவன் "உள்ளேன் ஐயா" என்று குரல் கொடுப்பதில்லையா? இடாப்பிலே வரவு விழும். சுவர்ப்பெட்டியும் நிமிர்ந்து முகம் பாராத ஆசிரியர்தான். எண்ணைக் கேட்டு வெற்றுச் சில்லொன்றில் எழுதிவிட்டால், அதுவும் "உள்ளேன்" என்னும். ரொறன்ரோவில் இவ்வாறு நகல் எடுத்துக் கொடுக்கும் கடைகளே உள. தமக்கையார் அங்கே சென்றிருந்தபோது அவருக்கென மருமகனும் ஒன்று எடுப்பித்தான்; ஐந்து நிமிடமும் ஆகவில்லையாம். அப்பொழுது அவனுக்கு அது வசதியாகவே தோன்றிற்று.

நல்ல சில்லு பெயர் சொல்லாது. ஆசிரியர் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கொடுக்கும் கணக்கைச் செய்து காட்டும். இரகசிய எண் வெளியே வருவதில்லை. விடையை ஒட்டுக்கேட்டவனுக்கு அடுத்த முறை அது உதவாது. ஆனால், கணக்கும் வலியதாயிருத்தல் வேண்டும். 'மைஃபேர் கிளாசிக்' என்ற சில்லு தன் முறையை மறைவாக வைத்திருந்தது. லண்டன் பயண அட்டைகளிலும் அதுவே இருந்தது. 2008இல் ஒல்லாந்து தேசத்து நைமேகன் பல்கலைக்கழகத்தார் அதனை உடைத்தனர். கட்டுரை வெளிவராதபடி தயாரிப்பாளரான என்.எக்ஸ்.பி. நிறுவனம் நீதிமன்றம் சென்றது. கேடு கட்டுரையால் அன்று, குறையுள்ள சில்லை விற்றதால் விளைவது என்று கூறி நீதிமன்றம் மறுத்துவிட்டது. முறை பகைவன் கையில் அகப்பட்டாலும் தீங்கு நேரக்கூடாது என்று, ஒல்லாந்திற் பிறந்த கேர்க்கொவ்ஸ் என்பார் 1883இலேயே எழுதிவைத்திருந்தார். விற்பவர்கள் பழைய ஏடுகளைப் படிப்பதில்லைப் போலும்.

கதவு திறந்தது சரி, வண்டி எப்படி ஓடிற்று? சட்டைப்பையிலே திறப்பு இருந்தால் தானே திறந்துகொள்ளும் வண்டி அது. கள்வர் இருவர் வருவர். ஒருவன் திறப்பின் அருகிலும் மற்றவன் வண்டியருகிலும் கருவி பிடித்து, இதன் குரலை அதற்கு அஞ்சல் செய்வர். திறப்பு அருகேதான் உள்ளது என வண்டி மயங்கும். 2011இல் சூரிச் ஆய்வாளர் 10 வகை வண்டிகளிற் சோதித்தனர், பத்தும் மயங்கின. மருமகனின் திறப்போ நடைபாதையை அடுத்த வாசற்சுவரில், ஆணியில் தொங்கிற்று. தரிப்பிடம் புகுந்தவனுக்கு நடைபாதைக்கு வருவது அரிதன்று.

கனடாவிலே 2023இல் வாகனக் களவுக்கான காப்புறுதிக் கோரிக்கைகள் 150 கோடி டொலரைக் கடந்தன. 2024 பெப்ரவரி 8இல் ஒட்டாவாவில் இதற்கென அரசாங்கம் மாநாடே கூட்டிற்று. களவுபோன வண்டிகள் பல மொன்றியல் துறைமுகத்தால் கப்பலேறுகின்றன.

மருமகனைக் காத்தது தரிப்பிடத்துப் படக்கருவி. அதிலே தெரிந்தவன் அவனிலும் ஒரு சாண் உயரமானவன். பழைய துண்டுகளையும் பெட்டிகளையும் மாற்றுமாறு அவன் நிர்வாகக் குழுவைக் கேட்டான். செலவு மிகுதி, ஆண்டுக் கூட்டத்திற் பார்ப்போம் என்றார்கள். குடிபெயர்ந்து போனவர்களின் எண்களையாவது நீக்குங்கள் என்றதற்குச் சம்மதித்தனர். பட்டியலைப் பார்த்தபோது, வீடுகளிலும் எண்களே மிகுந்திருந்தனவாம்.

புதிய வண்டியின் திறப்பு இப்போது, இறுக மூடிய பிஸ்கற் பேணி ஒன்றிற்குள் உறங்குகின்றது. தகரத்தைத் தாண்டி அதன் குரல் கேளாது. தமக்கையாருக்கு இதில் வியப்பொன்றுமில்லை. அலுமாரித் திறப்பை அவர் நாற்பது ஆண்டுகளாகப் பேணி ஒன்றிலேதான் வைத்திருக்கின்றார். எந்தப் பேணி என்பதை இங்கே எழுதமாட்டேன்.