திருப்பண்டம் யாருக்குச் சொந்தம்?



நம் புதுவையில் கத்தோலிக்க வீடு எதற்குள் நுழைந்தாலும் சுவரில் இயேசுவின் திரு இருதயப் படம், அதன் கீழே சிறு விளக்கு, சுரூபத்துக்குப் பின்னே செருகிய குருத்தோலை, வேளாங்கண்ணி எண்ணெய்ப் புட்டி ஆகியவற்றைக் காணலாம். அண்மைக் காலமாக இவற்றோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டுமென்ற ஆசை சிலருக்கு வந்திருக்கிறது. அதுதான் புனிதர்களின் திருப்பண்டம். பாட்டிமார் இதை அருளிக்கம் என்பார்கள். புனிதரின் எலும்புத் துணுக்கோ, அவர் உடுத்திய ஆடையின் துண்டோ, அவர் கல்லறையில் வைத்தெடுத்த துணியோ எதுவாகவும் இருக்கலாம். இந்த ஆசை தவறென்று நான் சொல்லவில்லை. அன்புள்ளவர்களின் நினைவுப் பொருளை யார்தான் பத்திரப்படுத்தவில்லை?

ஆனால் அதை எப்படிப் பெறுகிறோம், பெற்றபின் எங்கே வைக்கிறோம் என்பதில் எனக்குச் சில கருத்துகள் உண்டு.

திருப்பண்டத்தை விற்பது முற்றிலும் விலக்கப்பட்டது என்று 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் சொல்கிறது. 2017-இல் உரோமையிலிருந்து வந்த அறிவுரையும் விற்பனையையும் பண்டமாற்றையும் தடுக்கிறது. இருந்தும் கைப்பேசியைத் திறந்தால் கண்ணாடிச் சிமிழ், அரக்கு முத்திரை, லத்தீன் சான்றிதழ் எல்லாம் படத்தோடு விலைக்கு வருகின்றன. சிலர் விலை என்று சொல்லாமல் ‘நன்கொடை’ என்கிறார்கள். பெயரை மாற்றினால் வியாபாரம் வியாபாரமில்லாமல் போய்விடுமா? ஓரியூரில் புனித அருளானந்தர் 1693-இல் தலை வெட்டுண்ட இடத்தின் செம்மண்ணை நம் மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பக்தியோடு எடுத்து வருகிறார்கள். ஒரு பிடி மண்ணுக்கு அங்கே என்ன விலை?

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது புனித தேவசகாயத்தைப் பற்றி. புனிதர் என்றவுடன் குருக்களும் கன்னியரும்தான் நம் நினைவுக்கு வருகிறார்கள். (அருட்சகோதரிகள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.) அவரோ இல்லறத்தார். 1712-இல் நட்டாலத்தில் பிறந்து, திருவிதாங்கூர் அரண்மனையில் பணிபுரிந்தவர். குளச்சல் போரில் 1741-இல் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய் மூலம் யோபுவின் வரலாற்றைக் கேட்டு மனம் மாறினார். 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். அவர் மனைவி பார்கவியம்மாளும் ஞானப்பூ என்ற பெயரோடு கிறிஸ்தவரானார். கணவர் விலங்கோடு ஊர் ஊராக இழுத்துச் செல்லப்பட்ட அந்த மூன்று ஆண்டுகளை அந்த அம்மையார் எப்படிக் கழித்திருப்பார் என்று நான் அடிக்கடி எண்ணுவதுண்டு.

எல்லாச் சாதியாரும் சமம் என்று அவர் வற்புறுத்திச் சொன்னதே உயர்ந்தோர் எனப்பட்டோரின் பகையை வளர்த்தது. 1749-இல் கைதானார், 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடி மலையில் சுடப்பட்டார். உடல் காட்டிலே எறியப்பட்டது. சில நாள் கழித்து எஞ்சியிருந்த எலும்புகளைக் கிறிஸ்தவ மக்கள் பொறுக்கியெடுத்துக் கோட்டாறு சவேரியார் கோயிலில் அடக்கம் செய்தார்கள். அரசனால் தண்டிக்கப்பட்டவனின் எலும்பைத் தொடுவது அந்நாளில் எவ்வளவு ஆபத்து! அவருடைய திருப்பண்டங்களை முதன்முதலில் பெற்றவர்கள் அவர்கள்தாம். அவர்கள் அவற்றைத் தங்கள் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. எல்லாரும் வந்து முழந்தாளிடும் கோயிலுக்குக் கொண்டுவந்தார்கள்.

இனி நம் ஊருக்கு வருவோம். தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்ற அதே 1745-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் நமது சம்பா கோயில் தகராறு ஒன்றை எழுதி வைத்திருக்கிறார். கோயிலின் உள்ளே ஒரு சுவர்! ஒரு பக்கம் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்கள், மறுபக்கம் மற்றவர்கள். ஒதுக்கப்பட்டவர்கள் திரண்டு சென்று பெரிய சாமியாரிடம் நியாயம் கேட்க, சுவரை இடிக்க உத்தரவாயிற்று. சாதிக் கிறிஸ்தவர்கள் அதற்குச் சண்டை பிடித்தார்கள். இன்று நாம் காணும் பேராலயம் அதுவல்ல. இது 1791-இல் கட்டி முடிந்தது. இதற்குள் சுவர் கிடையாது. ஆனால் தமிழ்நாட்டில் சில ஊர்களின் கல்லறைத் தோட்டங்களில் இன்றும் சாதிக்கொரு பக்கம் இருப்பதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தபோது ‘பிள்ளை’ என்ற சாதிப் பெயர் சேர்க்கப்படவில்லை. அதன்பிறகு உறவினர் வீட்டுத் திருமணம் ஒன்றில் ஒருவர், “அவர் நம்ம ஆளு, அவர் திருப்பண்டம் நம்ம வீட்டில் இருக்கணும்” என்று பெருமையாகச் சொன்னார். பந்தியிலிருந்த ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. எந்தச் சாதியை உதறியதற்காக அவர் குண்டடிபட்டாரோ அதே சாதியின் பெயரால் அவர் எலும்பைக் கேட்பது அவரை மறுபடியும் சுடுவதற்குச் சமமென்றே எனக்குத் தோன்றுகிறது.

வீட்டில் திருப்பண்டம் இருந்தால் செபிக்கும் பழக்கம் வளரும், ஆபத்துகள் நீங்கும் என்பார்கள். செபம் வளருமென்பதை ஒப்புக்கொள்கிறேன். பீரோவில் நகையோடு பூட்டி வைத்தால் எப்படி வளரும்? அந்த வீட்டில் வேலை செய்யும் அக்கா அதைத் தொட்டு முத்தமிட விடுவார்களா? கோயிலில் இருந்தால் அவர் யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆகவே வீட்டுக்கு வேண்டாம், பங்குக்கே கேட்போம் என்பது என் கருத்து. பங்குத் தந்தை ஆயர் வழியாக முறைப்படி எழுதிக் கேட்கட்டும். தபால் செலவும் சிமிழ் செலவும் நாம் கொடுப்பது விலையாகாது.

எல்லாரும் புனித வாழ்வுக்கு அழைக்கப்பட்டவர்கள் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இலேயே சொல்லிவிட்டது. மரியாயின் சேனையில் சேர்ந்து மருத்துவமனை நோயாளிகளைப் பார்க்கப் போகும் அம்மாக்களும், வின்சென்ட் தே பவுல் சபையார் அரிசிப் பையோடு படியேறும் வீடுகளும் நம் பங்குகளில் உண்டு. இல்லறத்தாராகிய அவர்களுக்கு இல்லறத்துப் புனிதர் ஒருவரின் திருப்பண்டம் கோயிலில் இருப்பது எத்தனை ஆறுதல்!

அவருடைய திருநாள் சனவரி 14, பொங்கலை ஒட்டி வருகிறது. அப்படியொரு திருப்பண்டம் நம் பங்குக்கு வந்தால், பேழையை யார் சுமந்து வருவது என்ற பேச்சு கட்டாயம் எழும். அதற்கும் ஒரு வழி சொல்லிவிடுகிறேன். பங்கிலுள்ள எல்லாக் குடும்பங்களின் பெயரையும் சீட்டில் எழுதிக் குலுக்கிப் போட்டு, நற்கருணை வாங்கிய சிறு குழந்தை ஒன்றை நான்கு சீட்டு எடுக்கச் சொல்லலாம்.