கணவரும் விரல் நீட்டட்டும்

தமிழ்நாட்டில் ஒரு பெண் கர்ப்பமானால் அவருக்கு எச்.ஐ.வி. சோதனை உண்டு. மலையோ சமவெளியோ, சுகாதார நிலையத்தில் பெயர் பதிந்ததும் விரல் நுனியில் ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம், சற்று நேரத்தில் முடிவு. தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்று போகாமல் தடுத்ததில் இந்த ஒரு சொட்டுக்குப் பெரும் பங்கு இருக்கிறது. ஆனால், அந்தக் கர்ப்பத்தில் சரிபாதி உரிமையுள்ள ஆணின் விரலை வழக்கமாக யாரும் கேட்பதில்லை.

கேட்க வேண்டும் என்கிறேன். கர்ப்பிணியைச் சோதிக்கும்போதே கணவரையும் சோதிக்கும் வழக்கத்தைக் கள்ளக்குறிச்சி மாவட்டம் தொடங்கிவைக்க வேண்டும். கல்வராயன் மலையிலும் பிறகு அடிவாரத்திலும் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவள் நான். கச்சிராயப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் நின்றால் இன்றும் யாராவது ஒருவர் ‘நர்சம்மா’ என்று கூப்பிட்டுவிடுவார்கள். அந்த உரிமையில் இதை எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் நாள். வெள்ளிமலை, கரியாலூர் பக்கத்துக் குக்கிராமங்களிலிருந்து காலையிலேயே வந்துவிடுவார்கள். பெரும்பாலும் கணவர்தான் வண்டியில் கூட்டி வருவார். கரடுமுரடான பாதையில் அலுங்காமல் ஓட்டிவந்து, மனைவியை வாசலில் இறக்கி, தண்ணீர் பாட்டிலைக் கையில் கொடுத்துவிட்டு, வெளியே மரத்தடிக்குப் போய்விடுவார். அக்கறை இல்லாதவர்கள் என்று சொல்ல மாட்டேன். உள்ளே தனக்கு வேலை இல்லை என்பது அவருக்குப் பழகிப்போயிருக்கிறது. பழக்கியது நம் ஏற்பாடுதான். “நீங்களும் ஒரு டெஸ்ட் எடுத்துக்கலாமே தம்பி” என்றால், “ஏங்க நர்சம்மா, புள்ள பெக்கப்போறது அவதானே, என் ரத்தம் எதுக்கு?” என்பார். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

அந்தச் சிரிப்புக்கு விலை கொடுத்த ஒரு வீட்டைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். இரண்டாவது பிரசவத்துக்குப் பதிந்த பெண் அவள். சோதனையில் தொற்று இருப்பது தெரிந்தது. கணவர் குடகில் காபித் தோட்ட வேலையில் இருந்தார். மலையில் ரகசியம் காப்பது லேசு இல்லை. மாதாமாதம் மாத்திரை வாங்கக் கள்ளக்குறிச்சி பஸ் ஏறுகிறவள் எதற்குப் போகிறாள் என்று ஊரே கேட்கும். எப்படியோ மாமியார் காதுக்கு எட்டிவிட்டது. தட்டும் டம்ளரும் தனியாயின. படுக்கை மாட்டுக்கொட்டகைக்குப் போனது. மூத்த பிள்ளையைத் தூக்கவிடவில்லை. “எம்புள்ள நல்லாத்தான் இருந்தான். இவ கொண்டாந்த சீக்கு இது” என்றார் அந்த அம்மாள். வீட்டில் சோதனை எடுத்துக்கொண்டவள் அவள் ஒருத்திதான்; அதனால் நோயாளியும் அவள் ஒருத்திதான் என்று ஆகிவிட்டது.

பொங்கலுக்கு ஊர் திரும்பிய கணவரை, எச்.ஐ.வி. சோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்துக்கு அழைத்துப் போனோம். அவருக்கும் தொற்று; நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை மனைவியைவிட அவருக்கே குறைவு. யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பதை அந்த எண்ணை வைத்து அடித்துச் சொல்லிவிட முடியாது. சொல்லி ஆகப்போவதும் ஒன்றுமில்லை. அவருக்கும் மாத்திரை தொடங்கினார்கள். ஆஸ்பத்திரியில் பிரசவம். பிறந்த குழந்தைக்கு உடனே சொட்டு மருந்து. ஆறாவது வாரம் குதிகாலில் குத்தி, அட்டையில் ரத்தப் புள்ளிகளை வைத்து உலர்த்தி ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். 18 மாதம் வரை தொடர்ந்து பார்த்து, தொற்று இல்லை என்று உறுதி செய்தார்கள். மருத்துவம் தன் வேலையைச் சரியாகச் செய்துவிட்டது. கொட்டகையில் அவள் படுத்துக் கிடந்த மாதங்களுக்குத்தான் மருந்து இல்லை. கணவனையும் கேட்பது ஊர் வழக்கமாக இருந்திருந்தால், “உம் மவனுக்கும் பாக்கட்டும், அப்புறம் பேசு” என்று சொல்ல அக்கம்பக்கத்தில் ஒரு வாயாவது இருந்திருக்கும்.

தட்டை ஒதுக்கியதில் ஒரு பயனும் இல்லை. எச்.ஐ.வி. பரவும் வழிகள் நான்கு: ஆணுறை இல்லாத உடலுறவு, தொற்றுள்ள ரத்தம் ஏறுவது, ஒருவர் போட்ட ஊசியை இன்னொருவர் போட்டுக்கொள்வது, தாயிடமிருந்து கருவிலோ பிரசவத்திலோ தாய்ப்பாலிலோ பிள்ளைக்குப் போவது. தட்டு, டம்ளர், கொசு, கழிப்பறை, கட்டிப்பிடிப்பது, பக்கத்தில் படுப்பது ஆகிய எதிலும் பரவாது. உள்ளே போன கிருமி, நோயை எதிர்க்கும் சி.டி.4 வெள்ளை அணுக்களைக் கொஞ்சம் கொஞ்சமாக அழிக்கும். வெளியே ஒரு குறியும் தெரியாமல் எட்டு, பத்து ஆண்டுகள்கூட ஓடும். எதிர்ப்பு சக்தி அடியோடு சரிந்து, காசநோய் போன்றவை வந்து ஏறிக்கொள்ளும் கடைசிக் கட்டத்துக்குத்தான் எய்ட்ஸ் என்று பெயர். ஆகவே, “எம்புள்ள நல்லாத்தான் இருந்தான்” என்று மாமியார் சொன்னதில் பொய் இல்லை. நன்றாக இருப்பதுதான் இந்தத் தொற்றின் முதல் பல ஆண்டுகள்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனபோது மாநிலமே இந்தப் பக்கம் திரும்பியது. அதையொட்டிக் கல்வராயன் மலை மக்களின் நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. கொத்தாக விழும் சாவுக்கு அதிகாரம் ஓடிவரும். சத்தமில்லாமல் பத்தாண்டு உள்ளே இருக்கும் தொற்றை நாம்தான் தேடிப் போக வேண்டும்.

மலைக்காரர்களிடம்தான் இது இருக்கிறது என்று யாரும் படித்துவிட வேண்டாம். மரவள்ளியும் சாமையும் ஆண்டு முழுக்கச் சோறு போடாததால் குடகுக்கும் கேரளத்துக்கும் திருப்பூருக்கும் போகிறார்கள். மாதக்கணக்கில் குடும்பத்தைப் பிரிந்து பிழைக்கும் யாருக்கும், அவர் லாரி ஓட்டினாலும் சரி, கம்ப்யூட்டரில் வேலை பார்த்தாலும் சரி, இதே ஆபத்துதான். ஊர் விட்டு ஊர் போகாதவருக்கும் வரலாம்.

பெண்ணை முதலில் சோதிப்பது இந்த நோயின் இந்திய வரலாற்றோடு பிறந்த வழக்கம். 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்டுதலில் செல்லப்பன் நிர்மலா என்ற இளம் மருத்துவர் பாலியல் தொழிலாளிப் பெண்களிடம் ரத்தம் சேகரித்தார். பிரித்த சீரத்தைத் தன் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துப் பாதுகாத்து, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துப் போனார். அங்கே ஆறு பேருக்குத் தொற்று தெரிந்தது. நாட்டின் முதல் கண்டுபிடிப்பு அது. மகத்தான வேலை, சந்தேகமில்லை. அந்தப் பெண்களிடம் வந்துபோன ஆண்களுக்கு மட்டும் ஊரும் கிடையாது, பேரும் கிடையாது.

அடுத்த பத்தாண்டில் கல்யாணமான பெண்களின் கதை வந்தது. நாமக்கல் பகுதியைச் சேர்ந்த பி.கௌசல்யா, கணவர் வழியாகத் தனக்குத் தொற்று வந்ததை வெளிப்படையாகப் பேசினார். 1998-ல் மற்றப் பெண்களையும் சேர்த்துக்கொண்டு எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கான அமைப்பைச் சென்னையில் தொடங்கினார். அவர் அன்று சொன்ன சேதி, தாலி இந்தக் கிருமிக்குத் தடை இல்லை என்பதுதான். 2000-களில் சுவருக்குச் சுவர் விழிப்புணர்வு விளம்பரம் ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்று கேட்டபோது, முதல்முறையாகக் கேள்வி ஆணைப் பார்த்துத் திரும்பியது. நாம் அதை வைத்து ஜோக்கடித்துத் தீர்த்துவிட்டோம்.

எங்கள் மாவட்டத்திலேயே உளுந்தூர்பேட்டை பக்கம் கூவாகம் இருக்கிறது. சித்திரையில் கூத்தாண்டவர் கோயிலுக்குத் திருநங்கைகள் நாடெங்கிலுமிருந்து வருகிறார்கள். அங்கே ஆணுறை வழங்குவதும் எச்.ஐ.வி. விழிப்புணர்வு நடத்துவதும் பல காலமாக நடக்கிறது. கூச்சப்படாமல் கேட்டு, எடுத்துச் சொல்லி, சோதனைக்கு வருகிறவர்கள் அவர்கள். அவர்களைக் காட்டி நோயைப் பேசும் குடும்பஸ்தர்களில் எத்தனை பேர் தங்கள் ரத்தத்தைப் பார்த்திருப்பார்கள்?

கணவரைச் சோதிக்கச் சொல்வது பழி பங்குபோட அல்ல. மருத்துவக் காரணங்கள் உண்டு. மூன்றாம் மாதத்தில் ‘தொற்று இல்லை’ என்று வந்த பெண்ணுக்கு, கணவருக்குத் தொற்று இருந்தால், ஏழாம் மாதத்திலோ பால் கொடுக்கும் காலத்திலோ தொற்றலாம். புதிதாகத் தொற்றிய வாரங்களில் ரத்தத்தில் கிருமி உச்சத்தில் இருக்கும்; பிள்ளைக்குப் போகும் வாய்ப்பும் அப்போதுதான் மிக அதிகம். சிகிச்சையே இல்லாவிட்டால் தொற்றுள்ள 100 தாய்மாரில் 15 முதல் 45 பேரின் பிள்ளைகளுக்குத் தொற்று போகும். முறையான சிகிச்சை இருந்தால் அது 5-க்கும் கீழே இறங்கும். அந்தச் சிகிச்சை, தனக்குத் தொற்றில்லை என்ற முடிவோடு வீட்டுக்குப் போனவளுக்கு எப்படிக் கிடைக்கும்? மேகப்புண்ணுக்கும் இதே கதைதான். மனைவிக்குப் பென்சிலின் ஊசி போட்டுக் குணப்படுத்தி அனுப்புவோம். கணவருக்குப் போடாவிட்டால் திரும்பவும் ஒட்டிக்கொள்ளும்.

கணவருக்கு மட்டும் தொற்று இருந்து மனைவிக்கு இல்லாத வீடுகளும் உண்டு. இன்று அந்த மனைவியைக் காப்பாற்றுவது எளிது. 2004 ஏப்ரலில் தாம்பரம் சானடோரியம் போன்ற ஒருசில இடங்களில் தொடங்கிய இலவசக் கூட்டு மருந்து இப்போது மாவட்டங்களுக்கே வந்துவிட்டது. அணுக்கள் குறையும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 2017 முதல், தொற்று தெரிந்த எவருக்கும் சிகிச்சை தொடங்கலாம். பெரும்பாலானவர்களுக்குத் தினம் ஒரு மாத்திரை. அதை விடாமல் சாப்பிட்டு, சோதனையில் பிடிபடாத அளவுக்குக் கிருமி குறைந்த நிலையிலேயே இருப்பவரிடமிருந்து உடலுறவு வழியாகத் தொற்று பரவாது. ஆணுறை இருக்கிறது. ஆபத்துக்கு ஆளாகிவிட்டோம் என்று பயந்தால், 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிடும் தடுப்பு மருந்து இருக்கிறது. இவ்வளவும் இருந்தும், முதல் சொட்டு ரத்தம் எடுக்கப்படாததால் வீணாகிறது.

மறுப்புகள் வரும். வெளியூர் வேலைக்குப் போன கணவர்கள் ஊரில் இருப்பதில்லையே என்பார்கள். பொங்கலுக்கும் ஆடித் திருவிழாவுக்கும் வருகிறார்களே! அந்த வாரங்களில் சர்க்கரை, ரத்த அழுத்தம், சளிப் பரிசோதனையோடு இதையும் சேர்த்து முகாம் போடலாம். எல்லாருக்கும் எல்லாம் பார்க்கிற இடத்துக்கு வருகிறவரை யாரும் சந்தேகமாகப் பார்க்க மாட்டார்கள். குடும்பம் உடைந்துவிடும் என்பார்கள். மனைவிக்கு மட்டும் தெரிந்தபோது உடைந்த வீட்டைத்தான் மேலே சொன்னேன். இருவரும் சேர்ந்து உட்கார்ந்து, சேர்ந்து கேட்டுக்கொண்டவர்கள், நான் பார்த்தவரை, பெரும்பாலும் சேர்ந்தே இருந்தார்கள்.

கட்டாயப்படுத்தலாமா? கூடாது. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் சம்மதம் இல்லாமல் சோதிப்பதையும் முடிவை வெளியே சொல்வதையும் தடுக்கிறது. மகப்பேறு நிதியுதவியை இதோடு முடிச்சுப்போட்டால் தண்டனை மறுபடியும் பெண்ணுக்குத்தான். சோதனை அவர் விருப்பம். ஆனால், கேட்பது எங்கள் கடமையாக இருக்கட்டும். தொற்று தெரிந்த பெண்ணின் கணவரைத் தேடிப்போய்க் கேட்பதற்கும், பதிகிற எல்லாப் பெண்களின் கணவர்களையும் வழக்கமாகக் கேட்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. முதலாவது ஊருக்குக் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டாவதில் யாரும் தனியாகத் தெரிய மாட்டார்கள்.

மாவட்ட நிர்வாகத்துக்கு என் கோரிக்கைகள் சில. கர்ப்பம் பதியும் நாளில் தம்பதி இருவரின் பெயரையும் சொல்லி உள்ளே அழையுங்கள். சோதனைக் கருவியை இரண்டாக அனுப்புங்கள். ஆண்களிடம் பேச ஓர் ஆண் ஆலோசகரைச் செவ்வாய்க்கிழமைகளில் மலைக்கு அனுப்புங்கள். சிகிச்சையில் நிலையாக இருப்பவர்களுக்குச் சில மாத மாத்திரையை மொத்தமாகக் கொடுக்கும் முறையை மலைக்காரர்களுக்குத் தாராளமாகச் செய்யுங்கள். அதையும் வெள்ளிமலையிலேயே வாங்கிக்கொள்ள வழி செய்யுங்கள். 2019-ல் பிறந்த மாவட்டம் இது. மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது, மலைக்குத் தனி தாலுகா வந்துவிட்டது. கணவரையும் சோதிக்க ஆகும் கூடுதல் செலவு, ஒரு கர்ப்பத்துக்கு ஒரு கருவி.

தம்பிமார்களுக்கும் ஒன்று. நம்பிக்கை மையத்தில் சோதனை இலவசம். விவரம் கேட்க 1097 என்ற எண்ணும் இலவசம். பெயர் சொல்ல வேண்டியதில்லை. ஆபத்து நேர்ந்து சில வாரங்களுக்குள் எடுத்த சோதனை தவறலாம். மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை பாருங்கள். தொற்று இல்லை என்றால் பிரசவம்வரை ஒரு கவலை குறைந்தது. இருக்கிறது என்றால், மனைவிக்கும் பிள்ளைக்கும் போகாமல் தடுக்க உங்களிடம் மருந்தும் அவகாசமும் இருக்கின்றன. தெரியாமலே இருந்துவிட்டால் இந்த இரண்டும் கிடையாது.