தூணும் அஜாக்கிரதையா?

கயத்தாற்றைச் சுற்றிக் கரிசல் காடெங்கும் காற்றாலைகள் சுழல்கின்றன. அந்த மின்சாரத்தை வாங்கி அனுப்பும் துணை மின்நிலையங்களில் பாட்டரி அறை உண்டு. சாலையோரத்தில் லாரிக்கும் டிராக்டருக்கும் பாட்டரி சார்ஜ் ஏற்றும் கொட்டகைகள் உண்டு. மழை பொய்த்தால் விவசாயத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகளும் இத்தகைய வேலைக்குத்தான் வர வேண்டியிருக்கிறது. பாதுகாப்பில்லாத கொட்டகையில் இரும்புத் தூணின் அடி செதில் செதிலாக உதிர்வதை உழைப்பவன் அறிவான்.

இதில் மர்மம் ஏதுமில்லை. ஈயப் பாட்டரிக்குள் இருப்பது கந்தக அமிலம். சார்ஜ் முற்றும்போது தண்ணீர் பிரிந்து, ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் குமிழியிட்டுக் கிளம்புகின்றன. அவற்றோடு அமிலத் துளிகளும் பறந்து தூணிலும் உத்திரத்திலும் படிகின்றன. துத்தநாகம் பூசிய தகரமும் இதற்கு முன் நில்லாது.

தொழிலாளியின் கை வெந்தால், "உன் அஜாக்கிரதை" என்கிறார்கள் முதலாளிகள். நாம் கேட்கிறோம்: தூணும் அஜாக்கிரதையாக இருந்ததா? உத்திரம் கையுறை போட மறந்ததா? இரும்பையே தின்னும் காற்றை எட்டு மணி நேரம் சுவாசிப்பவனின் நெஞ்சு என்ன, வைரமா? அமிலப் புகையில் முன்பற்கள் தேயும், தொண்டை எரியும். கந்தக அமிலம் கலந்த வீரிய அமிலப் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1992-லேயே அறிவித்துவிட்டது.

"செலவாகும்" என்பார்கள். என்ன பெரிய செலவு? துருவைச் சுரண்டி எபாக்ஸி பெயின்ட் அடிப்பது, தரைக்கும் தூணடிக்கும் அமிலம் தாங்கும் ஓடு பதிப்பது, சிந்தியதைச் சோடா உப்பால் முறித்துக் கழுவுவது. ஆனால் ஒன்றை மறக்கலாகாது. பெயின்ட் மட்டும் அடித்தால் இரும்பு பிழைக்கும். தொழிலாளி பிழைக்க மாட்டான். ஆகவே முதலில் வேண்டியது கூரையடியில் தீப்பொறி தட்டாத விசிறி. அது அமிலப் புகையையும் வெளியேற்றும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே வெடிக்கக்கூடிய ஹைட்ரஜனையும் வெளியேற்றும்.

1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 87-ம் பிரிவு, ஆபத்தான வேலைகளுக்குத் தனி விதி வகுக்க அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. 2020-ல் அதைப் புதிய தொகுப்புக்குள் சுருட்டினார்கள். சட்டத்தைச் சுருட்டலாம், துருவைச் சுருட்ட முடியுமா?

தோழர்களே! அடுத்த சங்கக் கூட்டத்திலேயே கோரிக்கையை வையுங்கள்: விசிறி, கண் கழுவத் தண்ணீர்க் குழாய், கையுறை, பிறகு பெயின்ட்! தூணைச் சோதிக்கும்போது சங்கப் பிரதிநிதியும் உடன் நிற்க வேண்டும்! 1799-ல் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட கயத்தாற்று மண்ணில், நியாயம் கேட்க நாம் ஏன் அஞ்ச வேண்டும்?