ஒட்டகத்துக்குத் தடிமன், மனிதருக்கு நியுமோனியா

நம் ஊரான அக்கரைப்பற்றில் ஒட்டகம் இல்லை. ஆனால் ஒட்டகம் உள்ள நாடுகளில் அக்கரைப்பற்றார் இருக்கிறார்கள். சவூதிக்கும் கத்தாருக்கும் தொழிலுக்குப் போகிறார்கள். ஹஜ்ஜுக்கும் உம்றாவுக்கும் போய் வருகிறார்கள். ஆகவே ஒட்டகத்திடமிருந்து மனிதருக்குத் தொற்றும் ஒரு நோய் நமக்கும் தெரிந்திருக்க வேண்டியதே. மத்திய கிழக்குச் சுவாச நோய் என்பது அதன் பெயர், சுருக்கமாக மெர்ஸ். கொரோனா குடும்பத்து வைரஸ் ஒன்றால் வருவது.

2012 ஜூனில் ஜித்தாவில் நியுமோனியாவால் இறந்த ஒருவரின் சளியில்தான் இந்த வைரஸ் முதலில் இனங்காணப்பட்டது. ஒட்டகங்களுக்கோ இது பழையது. 1983இல் சேகரித்து வைத்திருந்த ஒட்டக இரத்தத்திலும் இதற்கான எதிர்ப்பொருள் இருந்தது. எதிர்ப்பொருள் என்பது கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் புரதம். அது இருந்தால், அந்தக் கிருமி முன்பே வந்துபோயிருக்கிறது என்று பொருள்.

பிறந்த கன்றைச் சில மாதங்களுக்குத் தாயின் எதிர்ப்பொருள் காக்கிறது. அது குறைந்ததும் கன்றுக்குத் தொற்றுகிறது. மூக்கு ஒழுகும், சில நாளில் தேறிவிடும். பார்ப்பவருக்கு அது வெறும் தடிமன். ஆனால் அந்த மூக்கு நீரில் வைரஸ் ஏராளம்.

ஒட்டகத்துக்குத் தடிமனாக வருவது மனிதரை ஏன் கொல்கிறது? வைரஸ் உடலுக்குள் நுழைய, உயிரணுவின் மேலுள்ள ஒரு குறிப்பிட்ட புரதத்தில் ஒட்ட வேண்டும். ஒட்டகத்தில் அந்தப் புரதம் மூக்கிலேயே நிறைய உண்டு. மனிதரில் அது நுரையீரலின் அடியில்தான் அதிகம். எனவே நமக்கு நோய் ஆழத்தில் பிடிக்கிறது. தும்மலில் எளிதாக வெளியேறாததால், ஊருக்குள் வேகமாகப் பரவுவதும் இல்லை. பதிவான நோயாளிகளில் ஏறத்தாழ 36 சதவீதம் பேர் இறந்தார்கள். இலேசாக வந்து தேறியவர்கள் பலர் கணக்கில் வராததால், உண்மை விகிதம் இதைவிடக் குறைவாக இருக்கலாம்.

ஒட்டகக் குடும்பத்து அல்பாக்காக்களுக்கும் இது தொற்றும். கத்தாரில் ஒட்டகங்களுக்கருகே வளர்ந்தவற்றில் எதிர்ப்பொருள் கண்டார்கள். செம்மறியாட்டின் மூக்கில், வைரஸ் ஒட்டும் அந்தப் புரதம் அரிது. சோதனைக்காகத் தொற்றச் செய்தபோதும் அதில் வைரஸ் பெரிதாகப் பெருகவில்லை. குர்பானி ஆட்டை நினைத்துக் கவலைப்படுவோருக்கு இது ஆறுதல்.

2014இல் உம்றாவுக்குப் போன மலேசியர் ஒருவர் ஒட்டகப் பண்ணையைப் பார்த்து, காய்ச்சாத பாலைக் குடித்தார். ஊர் திரும்பிய பின் மெர்ஸால் இறந்தார். தொற்றியது பாலிலா, அருகில் நின்றதிலா என்று பிரித்துச் சொல்வது கடினம். பாலைக் காய்ச்சினால் வைரஸ் அழியும் என்பதில் ஐயமில்லை. சீனி வருத்தம், சிறுநீரகக் கோளாறு, நாட்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்கள் ஒட்டகத்தை நெருங்காதிருப்பதே நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

மனிதரிடையே இது பெரிதும் பரவியது மருத்துவமனைகளில். 2015இல் மத்திய கிழக்கிலிருந்து தென் கொரியா திரும்பிய ஒருவர், இன்ன நோய் என்று தெரியுமுன் பல மருத்துவமனைகளுக்குப் போனார். அங்கிருந்து தொடங்கி, அவரோடு சேர்த்து 186 பேருக்குத் தொற்றி, 38 பேர் இறந்தார்கள்.

பயணம் போகவே அஞ்ச வேண்டியதில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தொற்றியபின் அறிகுறி தெரிய 2 முதல் 14 நாள் ஆகும். ஊர் திரும்பி 14 நாளுக்குள் காய்ச்சலும் இருமலும் வந்து ஆதார வைத்தியசாலைக்குப் போனால், எங்கிருந்து வந்தோம், ஒட்டகத்தை நெருங்கினோமா என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எக்ஸ்ரேயில் நியுமோனியா தெரியும், பயணம் தெரியாது. சொன்னால் வைத்தியர் நோயாளியைத் தனியே வைத்து, சளி மாதிரியைப் பரிசோதனைக்கு அனுப்பலாம்.