சாட்டைக்கு முரட்டுக் கை எதற்கு?

2000 சிட்னி ஒலிம்பிக் தொடக்க விழாவில் தனியாக வந்த குதிரைவீரர் ஒருவர் சாட்டையைச் சொடுக்கினார்; 120 குதிரைகள் மைதானத்துக்குள் பாய்ந்தன.

கங்காரு தோலில் பின்னி, மாடு ஓட்டப் பயன்படுத்தும் அந்த ஆஸ்திரேலியச் சாட்டையைப் பழக வருபவர்கள் முதலில் செய்யும் தவறு, பலங்கொண்டு வீசுவது. சாட்டையை முன்னால் நீளமாகக் கிடத்தி, கையை நிதானமாகத் தலைக்கு மேல் உயர்த்தி, சாட்டை பின்னால் பறக்கும்போதே நேராக முன்னோக்கி இறக்கினால் போதும். ஒரு வளையம் பிறந்து நுனியை நோக்கி ஓடும். சாட்டை மெலிய மெலிய வளையத்தின் வேகம் ஏறி, ஒலியின் வேகத்தையே, அதாவது நொடிக்குச் சுமார் 340 மீட்டரைத் தாண்டும். அதுதான் அந்த வெடிச்சத்தம். மாட்டின் மேல் அடி விழவே தேவையில்லை!

கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி இல்லாமல் புதியவர் கையில் சாட்டையைக் கொடுப்பது பெருந்தவறு. குறி தப்பிய நுனி பழகுபவரின் முகத்துக்கே திரும்பக்கூடும்.